ஏழாம் நம்பர் கால்

நாற்பத்து நாலு வயசில் பனியில் சறுக்கப் போகிறேன் என்று ஒருத்தி சொன்னால் பொம்மிடியில் என்ன சொல்வார்கள்? ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அன்பரசியின் புருஷன் சந்திரமோகனும் அதைத்தான் சொன்னார், அதுவும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு. மின்வாரியத்தில் கம்பம் ஏறி இறங்குகிற மனுஷர். வழுக்கி விழுவதைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருப்பதில் தப்பில்லை.

அன்பரசி அரசுப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில், காலில் ஷூ, வாயில் ஓயாத அதட்டல். அவள் மைதானத்தில் நடந்தால் ஷூ தரையில் டப் டப் என்று அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டாலே மரத்தடியில் அரட்டையடிக்கிற பிள்ளைகள் எழுந்து ஓட ஆரம்பித்துவிடும். "நோவுதுன்னு நிக்காத! நின்னா இன்னும் நோவும், ஓடு!" என்று எத்தனை தலைமுறைப் பிள்ளைகளை விரட்டியிருப்பாளோ, கணக்கில்லை. அப்படிப்பட்டவள் போன ஜனவரியில் மணாலிக்குப் போய், பத்து நாள் பனிச்சறுக்குப் பயிற்சியில் மூன்றாம் நாளே கால் நோவு தாங்காமல் அறைக்குள் படுத்துக்கொண்டாள். ஊருக்கு வந்து, "இந்த வருஷம் பனி சரியில்லை" என்றாள். பனி சரியில்லையாம்! பனி நன்றாகத்தான் இருந்தது. கூடப்போன சோபனா டீச்சர் அதே பனியில் பத்து நாளும் சறுக்கி, கையில் சான்றிதழோடு நின்று எடுத்த போட்டோவைப் பள்ளிக்கூட வாட்ஸாப் குழுவில் போட்டிருந்தார்.

அந்தச் சறுக்கு பூட்ஸைப் பார்க்காதவர்கள் அதை ஷூ என்று நினைத்துவிடக் கூடாது. கெட்டிப் பிளாஸ்டிக்கில் பாதிக் கெண்டைக்கால் வரை ஏறும் ஒரு கூடு அது. உள்ளே பஞ்சு வைத்த ஒரு பை, வெளியே முன்பக்கம் நாலு கொக்கி. கொக்கியைப் போட்டுவிட்டால் கணுக்கால் அசையாது. அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறவர்களைப் பார்த்தால் சிமெண்டு காயாத தளத்தில் கால் வைத்தவர்கள் மாதிரி இருக்கும்.

முகாமின் சாமான் அறையில் என்ன சைஸ் என்று கேட்டார்கள். "செவன்" என்றாள் அன்பரசி. வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய நம்பர். ஏழாம் நம்பருக்கு ஏற்ற பூட்ஸ் வந்தது. சாயங்காலத்துக்குள் உள்ளங்கால் சுருட்டிப் பிடித்தது, முன்னங்கால் எலும்பு அடிபட்டது போல வலித்தது, கட்டைவிரல் நகம் சிவந்தது. வலிக்கிறதென்றால் என்ன அர்த்தம்? சின்னதாக இருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் ஒரு சைஸ் பெரிசாகக் கேட்டு வாங்கினாள். குளிருக்கும் ஆச்சு, மெத்தென்றும் ஆச்சு என்று ரெண்டு ஜோடி சாக்ஸ் மாட்டினாள். கால் உள்ளே முன்னும் பின்னும் போய் வந்தது. போகாமல் இருக்கக் கொக்கியைக் கடைசிப் பல் வரைக்கும் இழுத்து மாட்டினாள். பத்து நிமிஷத்தில் கால் மரத்துப்போனது. பயிற்சியாளர் பக்கத்தில் வந்து இந்தியில் என்னவோ விசாரித்தார். அன்பரசிக்குத் தெரிந்த இந்தி மொத்தமே 'டீக் ஹை', எல்லாம் சரி என்று அர்த்தம். அதைச் சொன்னாள். மனுஷர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் இன்னும் ஒரு சைஸ் பெரிசு. அன்றைக்கு மத்தியானம் நகம் கறுத்துவிட்டது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஊருக்கு வந்ததும் அக்கா குள்ளம்மாள்தான் வெந்நீரில் உப்புப் போட்டு, அந்தக் காலை முக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர்தான் குள்ளம்மாள். குலசாமி பெயர் வைத்தவர்களுக்கு, இவள் வளர்ந்து நிலைப்படியில் தலை இடிப்பாள் என்று தெரியவா போகிறது?

"ஏன் கண்ணு, கொஞ்சம் பெருசா கேட்டு வாங்கறதுதான?"

"பெருசாத்தாங்கா வாங்கனேன்."

"இன்னும் கொஞ்சம் பெருசா கேட்டிருக்கணும்" என்றாள் குள்ளம்மாள். அவளைப் பொறுத்தவரை அத்தோடு வழக்கு முடிந்தது.

அக்காவுக்கும் தங்கைக்கும் பத்து வயசு வித்தியாசம். அப்பா அன்பரசிக்கு முகம் தெரியாத வயசிலேயே போய்ச் சேர்ந்தார். அம்மா கூலி வேலை. எட்டாவதோடு நின்ற குள்ளம்மாள் பட்டு நூல் எடுக்கிற ஆலைக்குப் போனாள். பட்டுப்புழுக் கூடு வேகிற வெந்நீரில் கையும், அது வழிந்து ஓடுகிற தரையில் காலுமாக நிற்கிற வேலை. தங்கச்சி நன்றாக ஓடுகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதும், "அப்ப ஷூ வேணுமில்ல" என்றவள் அவள்தான். ஊரில் பாதிப் பிள்ளைகள் செருப்புக்கூட இல்லாமல் பள்ளிக்கூடம் போன காலம் அது. வருஷா வருஷம் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் ஒரு நாள் ஆலைக்கு லீவு போட்டுவிட்டுத் தர்மபுரிக்குப் பஸ் ஏறுவாள். சாயங்காலம் கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு இறங்குவாள்.

அந்தப் பெட்டியைத் திறக்கிற வாசனையை இன்றைக்கும் அன்பரசி கண்ணை மூடினால் முகர முடியும். புது கேன்வாஸும் ரப்பரும் பசையும் கலந்த வாசனை. வெள்ளை வெளேரென்று ரெண்டு ஷூ, ஒன்றின் மேல் ஒன்று தலைமாற்றிப் படுத்திருக்கும். போட்டால் உள்ளே கால் நீந்தும். "வளர்ற காலு, அடுத்த வருசத்துக்கும் ஆவும்" என்பாள் அக்கா. தலையணையிலிருந்து கொஞ்சம் பஞ்சை உருவி, உருட்டி, ரெண்டு ஷூவின் முனையிலும் திணிப்பாள். அப்புறம் கயிற்றை இறுக்கிக் கட்டி, கட்டைவிரலால் முனையை அழுத்திப் பார்த்து, "எடம் கெடக்குது" என்று திருப்தியாகச் சொல்வாள். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு செல்வம் இருந்தது! நமக்கு என்று இடம் கிடக்கிற ஒரு பொருள் அந்த வீட்டில் வேறு என்ன இருந்தது?

ஒன்பதாவது படிக்கும்போது மாவட்டப் போட்டி. நானூறு மீட்டர். அன்பரசி முதலில் வந்துகொண்டிருந்தாள். கடைசி வளைவில் இடது கால் ஷூ கழன்று பறந்தது. ஒற்றை ஷூவோடு நொண்டி நொண்டி ஓடியதில் ஏரியூர்ப் பெண் ஒருத்தி முந்திக்கொண்டு போனாள். அவள் பின்னாலேயே இன்னும் ரெண்டு பேர். இதில் வேடிக்கை என்னவென்றால், பார்க்க வந்திருந்த குள்ளம்மாள் தங்கச்சி எத்தனையாவதாக வந்தாள் என்றே பார்க்கவில்லை. கயிற்றைத் தாண்டிக் குதித்து, மைதானத்துக்குள் ஓடி, அந்த ஒற்றை ஷூவைப் பொறுக்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். தங்கச்சி தோற்றால் என்ன, ஷூவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது! குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் பந்தி முடிந்ததும் இந்தக் கதையை யாராவது எடுத்துவிடுவார்கள். அன்பரசி ஓடிக் காட்டி, குனிந்து பொறுக்கிக் காட்டி நடிப்பாள். கல்யாண மண்டபமே அதிரும்.

இந்த வருஷம் மறுபடி அந்த முகாமுக்கே விண்ணப்பம் போட்டாள். நாற்பத்தைந்து தாண்டினால் சேர்க்க மாட்டார்கள். இதை விட்டால் இனி இல்லை. அவளுக்கு ஆசை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். மறுபடி மூன்றாம் நாள் படுத்துக்கொண்டால் அப்புறம் எந்த வாயோடு பிள்ளைகளைப் பார்த்து ஓடு என்று கத்துவது? 'டீச்சர், நீங்க ஏன் பாதியில வந்தீங்க?' என்று ஒரு பெண் நேருக்கு நேராகவே கேட்டுவிட்டாள். அதற்கும் பனியின் மேலேயே பழியைப் போட்டாள் அன்பரசி. அன்றிலிருந்து அந்தப் பெண் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

மார்கழியில் முகாமிலிருந்து போனுக்குச் செய்தி வந்தது. பூட்ஸ் எடுத்து வைக்க வேண்டும், பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அனுப்பவும். நம்பர் வேண்டாமாம், நீளம்தான் வேண்டுமாம். போன வருஷம் அடித்துப் பிடித்துக் கடைசி நேரத்தில் சேர்ந்ததால் இந்தக் கேள்வி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்தில் வெயில் நீளமாக விழுந்திருந்தது. அன்பரசி தினத்தாளைத் தரையில் விரித்து, குதிகாலைச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருக்கும்போது, மடியில் பச்சை மொச்சைக் காய்களோடு குள்ளம்மாள் வந்தாள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் அவள் வீடு.

"என்னாடி, பேப்பர் மேல நின்னுக்கிட்டு?"

"கால் அளவு கேக்கறாங்கக்கா. நீ வா, குனிஞ்சு ஒரு கோடு போடு."

குள்ளம்மாள் மொச்சையைக் கொட்டிவிட்டு, பென்சிலை வாங்கி, தங்கச்சியின் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுத்தாள். அன்பரசி ஸ்கேலை வைத்தாள். இருபத்து மூன்றரை.

"தப்பா அளக்கற. திருப்பி வையி" என்றாள் அக்கா.

திருப்பி வைத்தாள். அதேதான். சந்திரமோகனையும் கூப்பிட்டு அளக்கச் சொன்னார்கள். அவர் இருபத்து மூன்றரைக்கு ஒரு நூல் குறைச்சல் என்றார். ஏழாம் நம்பர் எத்தனை சென்டிமீட்டர் என்று போனில் தேடியவர், "ஏம்மா, உன் காலு அஞ்சாம் நம்பருதான். இத்தன வருசமா யாரோட ஷூவப் போட்டுக்கிட்டு நடக்கற?" என்று கேட்டுவிட்டு, தன் கேலியைத் தானே ரசித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்பரசிக்கு நம்பிக்கை வரவில்லை. தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போகிற ஷூவை எடுத்து, உள்ளே இருந்த அடித்தட்டை உருவி, தாளில் இருந்த கோட்டின் மேல் வைத்தாள். கோட்டுக்கு முன்னால் ரெண்டு விரல் அகலம் தட்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த கணத்தில் போன வருஷம் முழுக்க அவளுக்கு விளங்கிவிட்டது. பூட்ஸ் சின்னதாக இருந்து வலிக்கவில்லை. பெரிசாக இருந்துதான் வலித்திருக்கிறது. கால் உள்ளே வழுக்க, வழுக்காமல் இருக்கக் கொக்கியை இறுக்க, இறுக்கினதில் மரக்க, மரத்ததும் இன்னும் பெரிசு கேட்க. டப் டப் என்று அவள் நடக்கிறாளே, அது கம்பீரம் இல்லை, தொளதொளப்பு. ஷூ என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இந்த வயசு வரைக்கும் நினைத்திருந்தாள்.

உடனே இன்னொன்றும் தோன்றியது: இதை அக்காவிடம் சொல்லக் கூடாது. வெந்நீரில் நின்று சம்பாதித்து வாங்கிக் கொடுத்தவளிடம், நீ வாங்கின அத்தனையும் தப்பு என்று எப்படிச் சொல்வது? அவள் தட்டை எடுத்து மறைக்கப் போனாள். அதற்குள் குள்ளம்மாள் எழுந்து வந்து, புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு, அந்தத் தட்டின் மேல் தன் காலை வைத்தாள். குதிகாலிலிருந்து விரல் நுனி வரை அச்சாகப் பொருந்தியது.

"இது என் காலு" என்றாள்.

அன்பரசிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னக்கா சொல்ற?"

"ஏழு என் காலு அளவுடி. ஒன் காலு நான் அளந்ததே இல்ல."

"வளர்ற காலு, அதான் பெருசா எடுக்கறேன்னு சொன்ன?"

"வளர்ற காலுதான. எப்படியும் வந்துரும்னு நெனச்சேன். வரல. அதுக்குள்ள நீயே போயி ஏழு குடுங்கன்னு கேக்கப் பழகிட்ட." குள்ளம்மாள் தட்டிலிருந்து காலை எடுக்கவில்லை. "அந்தத் தர்மபுரி ஷூக் கடையில ஒரு நாற்காலி போட்டிருப்பாங்க. கடைக்காரரு யாருக்குன்னு கேப்பாரு. வாய் தொறந்து தங்கச்சிக்குன்னு சொல்றதுக்குள்ள, உக்காருங்கம்மா, கால நீட்டுங்கம்மான்னுட்டாரு. மொத வருசம் சும்மா நீட்டிட்டேன். எனக்கு அப்ப என்னா வயசு, இருவது இருக்குமா? அதுவரைக்கும் என்னைய யாரு உக்காருன்னாங்க? அந்த ஆளு கீழ உக்காந்து, எங்காலத் தூக்கி அவரு முட்டி மேல வச்சிக்கிட்டாரு. ஆலைத் தண்ணியில நின்னு நின்னு வெடிச்ச காலு. துணியால தொடச்சி, ஷூவ மாட்டி, கயிறு கட்டி, நடந்து பாருங்கம்மான்னாரு. கண்ணாடி வரைக்கும் நடந்தேன். திரும்பி வந்தேன். கழட்ட மனசே வரல."

மொச்சைக் காய் ஒன்று உருண்டு வெயிலில் கிடந்தது. அன்பரசி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பறம் வருசா வருசம் அதுக்காவே போனேன்."

"ஒரு தடவகூட என்னையக் கூட்டிட்டுப் போவலையேக்கா. நான் எத்தினி தடவ அழுதிருப்பேன், நானும் வர்றேன்னு."

"ஒன்னையக் கூட்டிட்டுப் போனா ஒன் காலத்தான அளப்பாங்க" என்றாள் குள்ளம்மாள்.

அன்பரசிக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? குதிகாலில் ஆறாமல் கிடந்த கொப்புளங்கள், முனையில் பஞ்சு நனைந்து கட்டியாகி விரலைக் குத்தின மழை நாட்கள், போன வருஷம் அறைக்குள் போர்வைக்குள்ளே அழுதது எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் ஏறியது.

"அன்னைக்கு அந்தப் போட்டியில நான் தோத்தது அந்த ஷூவாலதாங்கா."

"தெரியும்டி" என்றாள் அக்கா. "அதான் ஷூவ எடுக்க ஓடனேன். ஒன் மூஞ்சியப் பாக்கற தெம்பு எனக்கு இல்ல."

எத்தனை கல்யாணத்தில், எத்தனை காதுகுத்தில் நடித்துக் காட்டிய கதை! ஊரே சிரிக்கும்போது குள்ளம்மாளும் சிரிப்பாள்தான். ஆனால் அந்தக் கதையை அவள் வாயால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அது அன்பரசிக்கு இப்போதுதான் உறைத்தது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மொச்சை உரிக்க ஆரம்பித்தாள். அக்காவும் உட்கார்ந்தாள். ரெண்டு பேருமாகப் பாதிக் குவியலை உரித்தார்கள்.

"ஒரு வருசமாவது ஒனக்குன்னு ஒண்ணு எடுத்திருக்கலாமில்ல?"

"நான் எங்க ஓடப் போறேன்? ஓடறவளுக்குத்தான ஷூ." குள்ளம்மாள் ஒரு காயை ஒடித்தாள். "கடையில நாலு அடி நடந்தேனில்ல, அது போதும்னு இருந்துச்சி. பெட்டியில வச்சிக் கட்டிட்டா அது ஒன்னுதுன்னு எனக்குத் தெரியும். பஸ்ஸு ஏறினதும் ஒன் மூஞ்சி எப்படி இருக்கப் போவுதுன்னுதான் நெனப்பு."

அதுவும் பொய்யில்லை. பெட்டியைத் திறக்கும்போது அக்காவின் முகம் எப்படி இருந்தது என்று அன்பரசிக்கு ஞாபகமில்லை. தன் சந்தோஷம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அந்த ஜூன் சாயங்காலங்கள் திரும்பி வருமானால், ஷூவைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவளைப் பார்ப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. மொச்சையின் மேல் குனிந்துகொண்டாள்.

கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்து 23.5 என்று தட்டினாள். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த குள்ளம்மாள், "இருவத்தி நாலுன்னு போடேன், கொஞ்சம் தாராளமா இருக்கும்" என்றாள்.

"அக்கா!"

"சரி சரி, நான் ஒண்ணும் சொல்லல தாயே."

ஜனவரியில் மணாலியில், பூட்ஸுக்குள் காலை நுழைத்ததுமே அன்பரசிக்குத் திக்கென்றது. விரல் நுனி முன்னால் போய் முட்டியது. அவள் வாழ்க்கையில் எந்தக் காலணியிலும், போட்டதுமே விரல் முனையில் முட்டியதில்லை. வேறு பெரிசு கொடுங்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, இந்த முறை 'டீக் ஹை' சொல்லாமல், விரலைக் காட்டி முகத்தைச் சுளித்துக் காட்டினாள். பயிற்சியாளர் சிரித்துவிட்டு, ரெண்டாவது ஜோடி சாக்ஸைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார். அப்புறம் அவள் முழங்காலை முன்னால் தள்ளி மடக்கிவிட்டார். மடக்கியதும் குதிகால் பின்னால் போய் உட்கார்ந்தது. முட்டிக்கொண்டிருந்த விரல் விலகியது. நிமிர்ந்தால் முட்டும், மடங்கினால் விலகும். அதுதான் சரியான அளவாம். கீழ்க் கொக்கிகள் ரெண்டையும் அவர் லேசாகத் தளர்த்திவிட்டார். கால் அசையவில்லை, மரக்கவும் இல்லை.

வலிக்காமல் இல்லை. சாயங்காலம் பூட்ஸைக் கழற்றினால் பாதத்தின் ஓரமெல்லாம் சிவந்துதான் கிடந்தது. புதுசாகக் கற்கிற எல்லாருக்கும் அப்படித்தான் என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் போன வருஷத்துப் பயம் மறுபடி வந்தது. சாக்ஸை மடிப்பில்லாமல் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனாள். நாலாம் நாள் மத்தியானம், அந்தச் சின்னச் சரிவின் உச்சியிலிருந்து, நடுவில் ரெண்டு தடவை விழுந்து எழுந்து, அடிவாரம் வரைக்கும் தன் காலாலேயே வந்து நின்றாள்.

வந்தவர்கள் எல்லாரும் பெஞ்சில் விழுந்து, அப்பாடா என்று முதல் வேலையாகக் கொக்கிகளைத் தட்டிவிட்டார்கள். அன்பரசியும் உட்கார்ந்தாள். கை கொக்கி வரைக்கும் போய் நின்றுவிட்டது. கையுறையைக் கழற்றிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டாள்.

"எறங்கிட்டியா?" என்றாள் குள்ளம்மாள், எடுத்த எடுப்பிலேயே.

"கீழ வரைக்கும் வந்துட்டேங்கா."

"நோவுதா?"

"நோவுது."

"அப்ப மொதல்ல அதக் கழட்டிட்டுப் பேசுடி."

"மனசு வரலக்கா" என்றாள் அன்பரசி.

அந்தப் பக்கம் பொம்மிடியில் ரயில் ஒன்று நிற்காமல் போகிற சத்தம் கேட்டது. அது போய் முடிந்ததும் குள்ளம்மாள் சொன்னாள்:

"அப்ப எழுந்திரிச்சி இன்னும் நாலு அடி நட கண்ணு."